மார்ச் மாதக் கூடைப்பந்துக் கணிப்புப் போட்டி: நண்பர்களுக்குள் நடத்துவது எப்படி?

அமெரிக்க அலுவலகங்களில் மார்ச் மாத நடுவில் எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் ஒரு படம் வந்து சேரும். இரு ஓரங்களிலிருந்தும் கிளம்பும் கோடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சேர்ந்து, நடுவில் ஒரே கட்டத்தில் முடியும். ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு கல்லூரியின் பெயர், பெயரை ஒட்டி 1 முதல் 16 வரை ஏதாவது ஓர் எண். வியாழக்கிழமை நண்பகலுக்குள் நிரப்பி அனுப்பச் சொல்லிக் கீழே ஒரு வரி இருக்கும். இதற்குப் பெயர் பிராக்கெட். கூடைப்பந்தைக் கையில் தொட்டே பார்க்காதவர்களும் இதை நிரப்புகிறார்கள். வேலைக்குப் புதிதாக வந்து சேர்ந்த நம்மவர்களில் பலர், ‘கிரிக்கெட் என்றால் சரி, இது நமக்குத் தெரியாத ஆட்டம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. விவரம் தெரிந்தவரும் தெரியாதவரும் ஏறக்குறைய சமமாக நின்று மோதக்கூடிய போட்டி இது. அந்தச் சமநிலை எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பது, போட்டியை நடத்துபவர் முதல் நாளே வகுக்கும் விதிகளைப் பொறுத்தது. ஆகவே கலந்துகொள்பவருக்கும் நடத்த நினைப்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் 1939 முதல் ஆண்களுக்கான தேசியக் கூடைப்பந்துத் தொடரை நடத்திவருகிறது. முதலாண்டில் எட்டே அணிகள். 1985இல் 64 ஆனது, 2011இல் 68 ஆனது. முப்பதுக்கும் மேற்பட்ட வட்டாரக் கூட்டமைப்புகளின் சாம்பியன்கள் நேரடியாக நுழைகிறார்கள். மீதி இடங்களுக்கு ஒரு தேர்வுக் குழு அணிகளைப் பொறுக்கி எடுக்கிறது. மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுப் பட்டியலும் தொலைக்காட்சியில் அறிவிக்கப்படும். அணிகள் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்திலும் 1 முதல் 16 வரை தரநிலை எண் கொடுக்கப்படும். முதல் சுற்றில் 1ஆம் நிலை அணி 16ஆம் நிலை அணியோடு மோதும், 2ஆம் நிலை 15ஆம் நிலையோடு மோதும். இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வரும். தோற்றால் வெளியேற வேண்டியதுதான், மறுவாய்ப்பு கிடையாது.

செவ்வாய், புதன் கிழமைகளில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நான்கு தகுதி ஆட்டங்கள் நடந்து 68 அணிகள் 64 ஆகக் குறையும். பெரும்பாலான நண்பர்கள் குழுக்கள் இந்த நான்கையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுதான் வசதி. வியாழன், வெள்ளியில் முதல் சுற்றின் 32 ஆட்டங்கள். சனி, ஞாயிறில் 16. அடுத்த வாரம் 8, அதன் பிறகு 4, பின்னர் இரண்டு அரையிறுதிகள், ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை இரவு இறுதி ஆட்டம். மொத்தம் 63. இந்த 63 ஆட்டங்களின் முடிவுகளையும், ஒரு பந்துகூட எறியப்படுவதற்கு முன்பே, ஒரே மூச்சில் எழுதித் தர வேண்டும்.

‘ஒரே மூச்சில்’ என்பதுதான் இதில் முக்கியம். நீங்கள் சாம்பியன் என்று எழுதிய அணி முதல் நாளே தோற்றால், அது அடுத்த ஐந்து சுற்றுகளிலும் ஜெயிக்கும் என்று எழுதியிருந்த ஐந்து கணிப்புகளும் சேர்ந்து சரியும். ஒரு தவறு ஒரு கட்டத்தோடு நிற்காது, கோட்டைப் பிடித்துக்கொண்டு நடு வரை போகும். முதல் முறை நிரப்புபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. முதல் சுற்றில் அதிர்ச்சி தரும் முடிவு ஒன்றை எழுதுவதால் இழக்கக்கூடியது குறைவு. அரையிறுதி வரை போகக்கூடிய பெரிய அணி ஒன்றை முதல் சுற்றிலேயே வெட்டிவிடுவதுதான் ஆபத்து.

63 ஆட்டங்களையும் சரியாகச் சொல்லிவிட முடியுமா? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு முடிவுகள் என்றால் சாத்தியமான பிராக்கெட்டுகளின் எண்ணிக்கை 2இன் 63ஆம் அடுக்கு. அதாவது சுமார் 92 ஆயிரம் கோடி கோடி. ஆட்டத்தை நன்றாக அறிந்தவருக்கு வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு கூடும் என்றாலும், முழுதும் சரியான பிராக்கெட் இன்றுவரை உறுதிசெய்யப்பட்டதில்லை. 2014இல் ஓர் அமெரிக்கக் கடன் நிறுவனம், வாரன் பஃபெட்டின் பின்பலத்தோடு, முழுதும் சரியாகச் சொல்பவருக்கு 100 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. யாருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை. உறுதிசெய்யப்பட்ட சாதனை 2019இல் நிகழ்ந்தது: ஒஹாயோவைச் சேர்ந்த ஒருவரின் பிராக்கெட்டில் முதல் 49 ஆட்டங்கள் தொடர்ந்து சரியாக இருந்தன. 50ஆவது ஆட்டத்தில் டென்னசியைக் கூடுதல் நேரத்தில் பர்டூ வீழ்த்தியதும் அந்தத் தொடர் அறுந்தது. ஆகவே எல்லோரும் தவறுவார்கள். மற்றவர்களைவிடக் குறைவாகத் தவறினால் போதும்.

எவ்வளவு கூர்மையானவரும் தவறுவார் என்பதற்கு மூன்று ஆட்டங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1985 முதல் 2017 வரை 16ஆம் நிலை அணி ஒன்று 1ஆம் நிலை அணியை ஆண்கள் தொடரில் ஒருமுறைகூட வென்றதில்லை. 2018 மார்ச் 16 அன்று மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாக அணி, தொடரின் முதல்நிலை அணிகளிலேயே தலையாயதான வெர்ஜீனியாவை 74-54 என்று வீழ்த்தியது. கடைசி நொடியில் தப்பித்த வெற்றி இல்லை, 20 புள்ளி வித்தியாசம். அடுத்த ஆண்டே அதே வெர்ஜீனியா சாம்பியன் ஆனது. 2022இல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி, 15ஆம் நிலை அணியாக நுழைந்து, கென்டக்கி, மரே ஸ்டேட், பர்டூ என மூன்று அணிகளைத் தாண்டிக் கடைசி எட்டுக்குள் போனது. 2023இல் அதே நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஃபேர்லி டிக்கின்சன், 16ஆம் நிலை அணி, பர்டூவை 63-58 என்று வென்றது. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல், கல்லூரியின் பெயர் பிடித்திருக்கிறது என்பதற்காக இவர்களை எழுதிய யாரோ ஒருவர் அன்று தம் குழுவில் தலைநிமிர்ந்து நின்றிருப்பார்.

இனி நடத்துபவரின் வேலை. பட்டியல் ஞாயிறு மாலை வெளியாகும், வியாழன் நண்பகலில் ஆட்டம் தொடங்கும். கையில் இருப்பது நான்கு நாள்கூட இல்லை. எனவே விதிகளை அதற்கு முந்தைய வாரமே எழுதி அனுப்பிவிடுங்கள். இ.எஸ்.பி.என்., யாஹூ, சி.பி.எஸ்., என்.சி.ஏ.ஏ. ஆகிய தளங்களில் இலவசமாகவே ஒரு குழுவை உருவாக்கி, கடவுச்சொல் கொடுத்து, நண்பர்களை அழைக்கலாம். புள்ளிகளை அவையே கூட்டிக்கொள்ளும், முதல் ஆட்டம் தொடங்கியதும் கணிப்புகளைத் தாமே பூட்டிவிடும். பூட்டு மனிதர் கையில் இல்லாததே பெரிய நிம்மதி. ‘பத்து நிமிடம்தானே தாமதம்’ என்று கேட்கும் நண்பருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில்தான் நடத்துவேன் என்பவர்கள், வந்த பிராக்கெட்டுகள் அனைத்தையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். நடத்துபவருடைய பிராக்கெட்டும் அதில் இருக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு பிராக்கெட் என்று வையுங்கள். சில குழுக்களில் ஒருவரே ஐந்து பிராக்கெட் போடுவார், ஐந்திலும் வேறு வேறு சாம்பியன். ஏதாவது ஒன்று மேலே வந்ததும் ‘அப்போதே சொன்னேன்’ என்பார். ஒரே ஒரு முடிவை எடுத்து அதனோடு மூன்று வாரம் வாழ்வதில் இருக்கும் சுவை அங்கே போய்விடுகிறது.

அடுத்தது புள்ளி முறை. போட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பெரும்பாலான தளங்கள் இயல்பாகவே தருவது இரட்டிப்பு முறை: முதல் சுற்றில் சரியான கணிப்புக்கு 1 புள்ளி, இரண்டாம் சுற்றில் 2, பின்னர் 4, 8, 16, இறுதி ஆட்டத்துக்கு 32. ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தம் 32 புள்ளிகள் என்பதால் பார்க்க அழகாக இருக்கும். ஆறு சுற்றும் சேர்த்து 192. ஆனால் சாம்பியன் அணியைச் சரியாக எழுதியவருக்கு அந்த ஒரே அணியின் பாதையில் 1, 2, 4, 8, 16, 32 என்று 63 புள்ளிகள் கிடைத்துவிடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஒரு தேர்வில் தங்கியிருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். குமார் சாம்பியனைச் சரியாகச் சொன்னார், மற்றதில் சுமார்தான்: முதல் சுற்றில் 20 சரி, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 3, அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சாம்பியன் அணி மட்டும். இரட்டிப்பு முறையில் அவருக்கு 20, 16, 12, 8, 16, 32 என்று மொத்தம் 104. லதா தொடக்கம் முதல் நிதானமாகச் சரியாகச் சொல்லி வந்தார்: 26, 12, 5, 3. கடைசி நான்கு அணிகளில் மூன்றைச் சொல்லியும் அரையிறுதியிலும் இறுதியிலும் கணிப்பு தவறியது. அவருக்கு 26, 24, 20, 24 என்று 94. ஜெயித்தவர் குமார்.

இப்போது சுற்றுகளுக்கு 1, 2, 3, 5, 8, 13 என்று புள்ளி வைத்துப் பாருங்கள். முன் இரண்டு எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைப் பெறும் வரிசை இது. குமாருக்கு 20, 16, 9, 5, 8, 13, மொத்தம் 71. லதாவுக்கு 26, 24, 15, 15, மொத்தம் 80. அதே ஆட்டங்கள், அதே கணிப்புகள், வெற்றியாளர் மட்டும் மாறிவிட்டார். எந்த முறை நியாயம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. இரட்டிப்பு முறையில் கடைசித் திங்கள் இரவு வரை யாரும் எழுந்து போக மாட்டார்கள். இரண்டாவது முறை, மூன்று வாரமும் கவனித்தவருக்கு மதிப்புத் தரும். புதியவர்கள் நிறைந்த குழுவுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். முதல் வாரத்தில் தன் சாம்பியனைப் பறிகொடுத்த ஒருவர் அதோடு விலகிப் போகாமல் இருக்க அது உதவுகிறது.

சிறிய அணி பெரிய அணியை வீழ்த்தும் என்று சரியாகச் சொன்னவருக்கு ஊக்கப் புள்ளி தரும் வழக்கமும் உண்டு. மிகவும் சுவையான விதி, மிகவும் எளிதில் கெட்டுப்போகும் விதியும் அதுவே. பெரும்பாலும் இரு அணிகளின் தரநிலை எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை ஊக்கமாகக் கொடுப்பார்கள். 12ஆம் நிலை அணி 5ஆம் நிலை அணியை வீழ்த்தினால் 7 புள்ளி கூடுதல். இந்த மோதலில் 12ஆம் நிலை அணி ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை ஜெயித்துவிடுகிறது என்பதுதான் நெடுநாள் அனுபவம். முதல் சுற்றின் அடிப்படைப் புள்ளி வெறும் 1 என்றால் என்ன ஆகும்? 12ஆம் நிலையை எழுதுபவருக்கு மூன்றில் ஒரு முறை 8 புள்ளி, சராசரியாக 2.7 வரும். 5ஆம் நிலையை எழுதுபவருக்கு மூன்றில் இரண்டு முறை 1 புள்ளி, சராசரி 0.7தான். கணக்குத் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சிறிய அணிகளையே எழுதிக்கொண்டு போவார். அதன் பிறகு அது கணிப்பாகவே இராது.

திருத்தம் எளிது. அடிப்படைப் புள்ளிகளைப் பத்து மடங்காக்கி 10, 20, 30, 50, 80, 130 என்று வைத்துக்கொண்டு, ஊக்கத்தை மட்டும் அதே 7ஆக விடுங்கள். இப்போது 12ஆம் நிலையை எழுதினால் மூன்றில் ஒரு முறை 17, சராசரி 5.7. 5ஆம் நிலையை எழுதினால் மூன்றில் இரண்டு முறை 10, சராசரி 6.7. இரண்டும் நெருங்கி நிற்கின்றன. எதை எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனை வந்தால் விதி சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு எச்சரிக்கை: இலவசத் தளம் எதுவாக இருந்தாலும், இப்படிப் புள்ளிகளை மாற்றியமைக்க அது இடம் தருகிறதா என்று அறிவிப்பு அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள். இடம் தராவிட்டால் கணினி அட்டவணையில் நீங்களே கூட்ட வேண்டிவரும்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுத வேண்டும். வழக்கமான முறை, இறுதி ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எடுக்கப்போகும் மொத்தப் புள்ளியை ஒவ்வொருவரும் முன்கூட்டி எழுதுவது. நெருங்கி வந்தவர் முந்துவார். 2025 இறுதியில் ஃபுளோரிடா ஹூஸ்டனை 65-63 என்று வென்றது, மொத்தம் 128. பொதுவாக 130க்கும் 150க்கும் இடையில் ஓர் எண்ணை எழுதினால் ரொம்பத் தவறிவிடாது. கூடுதல் நேரம் கணக்கில் சேருமா என்பதில்தான் சண்டை வரும். 2019 இறுதியில் வெர்ஜீனியாவும் டெக்சாஸ் டெக்கும் முறையான நேரம் முடிந்தபோது 68-68 என்று நின்றன, அப்போது மொத்தம் 136. கூடுதல் நேரம் முடிந்தபோது 85-77, மொத்தம் 162. ஐந்தே நிமிடத்தில் 26 புள்ளி ஏறியது. ‘கூடுதல் நேரமும் சேரும், எண்ணைத் தாண்டினாலும் குறைந்தாலும் வித்தியாசமே கணக்கு, அப்போதும் சமம் என்றால் பரிசு பங்கிடப்படும்’ என்று ஒரே வரியில் எழுதிவைத்தால் போதும்.

ஆட்டமே நடக்காமல் போனால்? நடந்திருக்கிறது. 2020இல் கொரோனாவால் தொடர் முழுவதும் ரத்தானது. 2021இல் தொடரை முழுக்க இண்டியானா மாநிலத்துக்குள் நடத்தினார்கள். அப்போதும் தொற்று காரணமாக வெர்ஜீனியா காமன்வெல்த் அணி விலக நேர்ந்து, மோதாமலே ஓரிகன் இரண்டாம் சுற்றுக்குப் போனது. ஓரிகனை எழுதியவர்களுக்குப் புள்ளி உண்டா என்று அன்று எத்தனையோ குழுக்களில் வாக்குவாதம் நடந்திருக்கும். அடுத்த சுற்றுக்குப் போகும் அணியே வென்ற அணி என்று எழுதிவிடுவதுதான் என் யோசனை.

பணத்துக்கு வருவோம். இந்தப் பழக்கத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்வது நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் உள்ள ஒரு மதுக்கூடத்தை. 1977இல் அங்கே 88 பேர் ஆளுக்கு 10 டாலர் போட்டு, கடைசி நான்கு அணிகளையும் சாம்பியனையும் கணித்தார்கள். வென்றவருக்கு 880 டாலர். ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, 2006 வாக்கில் பரிசு 15 லட்சம் டாலரைத் தாண்டியது. வரி அதிகாரிகளின் பார்வை விழுந்ததும் போட்டி நின்றுபோனது. அக்கம்பக்கத்தார் கூடிச் சிரித்த ஒரு விளையாட்டு, தொகை பெருத்ததாலேயே அழிந்துவிட்டது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வைத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாது என்றது. அதனால் நண்பர்கள் குழுக்கள் எல்லாம் தாமாகவே சட்டபூர்வமாகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முடிவு இன்னமும் அந்தந்த மாநிலத்தின் கையில் இருக்கிறது. நண்பர்களுக்குள் சிறு தொகை, நடத்துபவர் ஒரு காசும் எடுக்காமல் முழுத் தொகையும் பரிசாகப் போவது என்றால் பல மாநிலங்கள் விட்டுவிடுகின்றன, சில விடுவதில்லை. அலுவலகத்துக்கென்று தனி விதியும் இருக்கலாம். கல்லூரி விளையாட்டுத் துறையில் வேலை பார்ப்பவரையோ கல்லூரி அணி வீரரையோ பணம் வைத்த குழுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். என்.சி.ஏ.ஏ. விதி அவர்களுக்கு அதைத் தடை செய்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ரிக் நியூஹைசல், அக்கம்பக்கத்தார் நடத்திய கூடைப்பந்துத் தொடர்ப் பந்தயத்தில் கலந்துகொண்ட விவகாரத்தில் 2003இல் வேலையை இழந்தார். பின்னர் அவர் தொடுத்த வழக்கு 45 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது என்றாலும், நண்பருக்கு அப்படியொரு தலைவலியை நாம் தேடித் தர வேண்டாம்.

பணமே இல்லாமல் நடத்துங்கள் என்றுதான் நான் மனதாரச் சொல்வேன். வென்றவருக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு சாப்பாடு, கடைசியில் வந்தவர் அடுத்த ஆண்டு போட்டியை நடத்துவது என்று வைத்தாலே ஆட்டம் களைகட்டிவிடும். தொகை வைத்தே தீருவோம் என்றால், ஊரில் சீட்டுப் பிடிப்பவரிடம் எதிர்பார்க்கும் ஒழுங்கு இங்கேயும் வேண்டும்: யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும், முதல் ஆட்டத்துக்கு முன்பே முழுத் தொகையும் வந்துவிட வேண்டும், கொடுக்காதவரின் பிராக்கெட்டைச் சேர்க்கக் கூடாது. தோற்ற பிறகு வசூலிப்பது யாராலும் ஆகாத வேலை. முழுப் பரிசையும் முதலிடத்துக்கே கொடுக்காமல், இரண்டாம் இடத்துக்கும் முதல் வாரத்தில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கும் கொஞ்சம் ஒதுக்கிவைப்பது நல்லது.

முதன்முறையாக நிரப்புபவர் எங்கிருந்து தொடங்குவது? நடுவிலிருந்து. முதலில் சாம்பியனை முடிவு செய்யுங்கள், பிறகு கடைசி நான்கை, அதன் பிறகு ஓரங்களுக்கு வாருங்கள். 1985க்குப் பின் நடந்த தொடர்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை 1ஆம் நிலை அணிகளே வென்றிருக்கின்றன. வென்றவற்றில் மிகக் கீழ்நிலையில் இருந்தது 1985இன் வில்லனோவா, 8ஆம் நிலை. ஆகவே சாம்பியனை முதல் மூன்று நிலைகளுக்குள் தேடினால் பெரும்பாலும் தவறாது. அதற்காக நான்கு முதல்நிலை அணிகளையும் கடைசி நான்கில் எழுதிவிடாதீர்கள். 2025 வரை அப்படி நடந்தது இரண்டே ஆண்டுகள்: 2008, 2025. இன்னொரு கோடியில் 2023 இருக்கிறது. அந்த ஆண்டு கடைசி எட்டிலேயே ஒரு முதல்நிலை அணியும் இல்லை. முதல் சுற்றில் 1ஆம் நிலை அணிகளை யோசிக்காமல் எழுதலாம். 2025 வரையிலான 160 ஆட்டங்களில் இரண்டில்தான் அவை தோற்றிருக்கின்றன. 8க்கும் 9க்கும் இடையிலான ஆட்டம் நாணயம் சுண்டுவதற்குச் சமம், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 12ஆம் நிலை அணிகள் நான்கில் ஒன்றையோ இரண்டையோ நம்பலாம்.

குழுவின் அளவையும் பாருங்கள். பத்துப் பேர் இருக்கும் குழுவில் எல்லோரும் சொல்லும் வலுவான அணியையே நீங்களும் சாம்பியனாக எழுதுவது புத்திசாலித்தனம். நூறு பேர் இருந்தால் நிலைமை வேறு. அதே அணியை நாற்பது பேர் எழுதியிருப்பார்கள், அது வென்றாலும் அந்த நாற்பது பேரோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டும். கொஞ்சம் வாய்ப்புக் குறைந்த, ஆனால் வேறு சிலரே எழுதியிருக்கக்கூடிய 2ஆம் நிலை அணி ஒன்று அங்கே நல்ல தேர்வு.

பிராக்கெட் உடைந்தவர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் நடத்துபவரின் இரண்டாவது வாரக் கவலை. ஒவ்வொரு இரவும் நான்கு வரிகளில் நிலவரம் அனுப்புங்கள். முதலிடத்தில் யார், யாருடைய சாம்பியன் இன்னும் உயிரோடு இருக்கிறது, அன்றைய அதிர்ச்சியை முன்பே சொன்னவர் யார் என்று. தோற்றவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்யாமல், சரியாகச் சொன்னவர் பெயரைச் சொல்லுங்கள். வரவேற்பறையில் வேலை பார்ப்பவர் செயின்ட் பீட்டர்ஸை எழுதியிருந்தார் என்ற செய்தி பரவினால், அடுத்த ஆண்டு அவர் நான்கு பேரை அழைத்துக்கொண்டு வருவார். 16 அணிகள் மட்டும் மிஞ்சும்போது, மீதமுள்ள 15 ஆட்டங்களுக்குப் புதிதாக ஓர் இரண்டாம் வாய்ப்புப் போட்டியைத் திறக்கலாம். முதல் வாரமே நொறுங்கியவர்கள் அதில் ஆவலோடு சேர்வார்கள்.

குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த வீட்டுக் கூட்டத்துக்குக் கணிப்பே வேண்டாம், குலுக்கல் போதும். பதினாறு பேர் இருந்தால், 1 முதல் 4 வரை நிலை உள்ள 16 அணிகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள், 5 முதல் 8 வரையானவற்றை இன்னொன்றில், அப்படியே நான்கு கிண்ணங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு சீட்டு எடுத்தால் ஆளுக்கு நான்கு அணிகள். ஓர் அணி வெல்லும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் தரநிலை எண்ணையே புள்ளியாகக் கொடுங்கள். 14ஆம் நிலை அணி ஒரே ஒரு முறை வென்றாலும் 14 புள்ளி. எட்டு வயதுப் பிள்ளை, பெயரே கேள்விப்படாத ஒரு கல்லூரிக்காகத் தொலைக்காட்சி முன் நின்று கத்தும்.

மகளிர் தொடருக்கும் ஒரு குழு நடத்துங்கள் என்று அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 1982இல் தொடங்கிய அந்தத் தொடரிலும் 2022 முதல் 68 அணிகள் ஆடுகின்றன. 2024இல் தென் கரோலினாவும் அயோவாவும் மோதிய இறுதியை அமெரிக்காவில் 1.8 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதியைவிட அது அதிகம். ஆனால் ஆண்கள் தொடரின் விதிகளை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. மகளிர் தொடரில் ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு நிலையில் உள்ள அணிகள் முதல் இரண்டு சுற்றுகளையும் சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன் ஆடுகின்றன. அதனால் தொடக்கத்தில் அதிர்ச்சி முடிவுகள் குறைவு. 1998இல் ஹார்வர்ட் 16ஆம் நிலையிலிருந்து ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கத்திலேயே வீழ்த்தியது என்பதை இன்றும் பேசுகிறார்கள் என்றால், அது எவ்வளவு அரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சுற்றுகளில் எல்லோருடைய பிராக்கெட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் என்பதால், இங்கே இரட்டிப்பு முறையே பொருந்தும். ஊக்கப் புள்ளி வைப்பதாக இருந்தால் ஆண்கள் தொடருக்கு வைத்ததைவிடத் தாராளமாக வைக்கலாம். முதல் சுற்று வெள்ளிக்கிழமைதான் தொடங்குகிறது. கடைசி நேரத்தை ஒரு நாள் தள்ளி அறிவிக்க மறக்காதீர்கள்.